மூன்றாவது வாளி

“லாம்பெண்ணெய் கலந்த தண்ணி! என்ட மூக்கு பொய் சொல்லாது—”

“அந்தப் பரலுக்குத் தண்ணி நெரப்பினது என்ட மாப்புள. அப்ப அவரத்தானே சொல்றீங்க மதினி—”

“நான் யார்ட பேரையும் சொல்லல்ல—”

“சொல்லல்லயா? பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல சொல்லாத கொறதான்!”

“தண்ணி ஊத்த ஊத்த நெருப்பு எழும்பினா அது தண்ணியா? நீயே சொல்லு ஸரீனா, தண்ணியா அது?”

மஸூதா கையிலிருந்த நெல்லிரசப் போத்தலை ஸரீனாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். நேற்று நெருப்பு அடங்கியதும் பரலில், அந்தப் பெரிய தகரப் பீப்பாயில், மிஞ்சிக் கிடந்த தண்ணீரை அதில் பிடித்து, மூடிக்கு மேல் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தாள். காலையிலிருந்து வந்து போன எல்லோரும் மோந்து பார்த்தாயிற்று. மண்ணெண்ணெய் மணக்கத்தான் செய்கிறது என்று மீன்காரர் சொன்னார். அவருடைய கை என்ன மணத்தது என்று யாரும் கேட்கவில்லை.

“மோந்து பாரு.”

“எனக்குத் தேவல்ல.”

“பயமா?”

“நெல்லி மணக்குது. போத்தலக் கழுவாம அள்ளியிருக்கிறீங்க.”

இருவரும் நின்ற முற்றத்தின் ஓரத்தில், தம்புள்ளை ரோட்டைப் பார்த்தபடி, நேற்று மத்தியானம் வரைக்கும் மஸூதாவின் கராம்புக் கொட்டில் இருந்தது. இன்று நாலு கறுத்த தூண்களும் நொறுங்கிய ஓடுகளும்தான். பதினொரு சாக்குக் கராம்பு உள்ளே இருந்தது. வெளியே வந்தது இரண்டு. மிச்சம் ஒன்பதின் மணமும் இன்னும் காற்றில் நின்றது. மரக்கறி லொறியில் போகிறவர்கள்கூட வேகத்தைக் குறைத்து, மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார்கள்.

ஸரீனாவின் புருஷன் றம்ஸி சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்கிறவன்; மஸூதாவின், மௌத்தாகி அடக்கமாகிவிட்ட கணவருக்குத் தம்பி. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய வீடு. கொட்டில் நின்ற ரோட்டோரக் காணித் துண்டு இரண்டு குடும்பத்துக்கும் பொது. அதில் ஒரு கடை போட வேண்டும் என்று றம்ஸி நாலு தடவை கேட்டிருந்தான். நாலு தடவையும் மஸூதா மாட்டேன் என்றிருந்தாள்.

“ஒனக்குத் தெரியுமா, போன நோன்புக்கு முந்தி என்ன சொன்னாரு ஒன்ட மாப்புள? ‘கொட்டிலப் பின்னால தள்ளிக் கட்டித் தாறேன் மதினி, முன்னால எனக்கு விடுங்க’ன்னாரு. இப்ப தள்ளத் தேவல்ல. தானா தள்ளிப் போச்சி.”

“கேட்டாரு. நீங்க இல்லன்னீங்க. பேசாமப் போனாரு. கேட்டது குத்தமா?”

“பேசாமப் போனதுதான் எனக்குப் பயம்.”

“அல்லாஹ்வே! பேசினாலும் குத்தம், பேசாட்டியும் குத்தம்!”

“அப்ப இதச் சொல்லு. நேத்து சூளைக்குப் போகாம ஏன் வீட்டுல நின்டாரு?”

“மழைக்கு விறகு நனைஞ்சி கெடந்திச்சி. நனைஞ்ச விறகுல சுண்ணாம்புச் சூளை எரியுமா? மொதலாளியே வராதீங்கன்னு போன்ல கோல் எடுத்தாரு.”

“திங்கக்கிழமை என்ட கொட்டில் கூரையில ஏறினாரே, அதுக்கும் மொதலாளி கோல் எடுத்தாரா?”

“குரங்கு ஓட்டைப் பெரட்டிப் போட்டிச்சி. மழை ஒழுகும்னு அடுக்கி வெக்க ஏறினாரு. ஒங்களுக்காக மதினி! நாப்பத்தாறு வயசுல கூரையில ஏறினாரு!”

“அடுக்கினாரா, பெரட்டினாரா?”

ஸரீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேற்றுக்கு வெளியே ஒரு த்ரீவீலர் நின்றது. மஸூதாதான் வரச் சொல்லியிருந்தாள். நேற்றுப் பின்னேரம் பொலிஸில் என்ட்ரி போட்டபோது சார்ஜன்ட் சொன்னது இதுதான்: சந்தேகம் யார் மேல் என்று வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து பேர் சொல்லுங்கள், பேர் சொன்னால் ஆளை எடுக்கிறோம். இன்றுதான் வெள்ளி; இப்போது மூன்றரை.

“மதினி,” என்றாள் ஸரீனா. குரல் இறங்கியிருந்தது. “வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்தா திங்கக்கிழமை வரைக்கும் உள்ளதான். அதுக்குப் பொறகு யாரு அவர வேலைக்குச் சேக்கிறது? தீ வெச்சவன்னு பேர் வந்திட்டா, சூளையில நெருப்புக்குப் பக்கத்துல அவர நிக்க விடுவாங்களா?”

“என்ட வருஷச் சோறு எரிஞ்சி போச்சி. அதப்பத்தி யாரும் கேக்கல்ல.”

“கேக்காமலா? ரெண்டு சாக்க இழுத்து வெளிய போட்டது யாரு? கை வெந்து போனது யாருக்கு? நீங்க ஊத்த ஊத்த, பரல்ல அள்ளி அள்ளி ஒங்க கையில வாளியத் தந்தது யாரு? ஊரெல்லாம் பாத்திச்சி!”

“பாத்திச்சி. அந்த வாளியில என்ன இருந்திச்சின்னுதான் யாரும் பாக்கல்ல.”

“தண்ணி!”

“தண்ணி நெருப்ப வளக்குமா?”

“அக்கா, ஒருக்கா நில்லுங்கோ.”

மூன்றாவது குரல் வீட்டின் முன்னறையிலிருந்து வந்தது. பாலேஸ்வரி டீச்சர் இரண்டு வருஷமாக அந்த அறையில் வாடகைக்கு இருக்கிறார். சொந்த ஊர் வடமராட்சி. மாத்தளையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறார். பாடசாலைச் சேலையை இன்னும் மாற்றியிருக்கவில்லை. கையில் ஒரு பழைய தேக்கரண்டி.

மஸூதா திரும்பினாள். சந்தேகமும் அவளோடு சேர்ந்து திரும்பியது.

“டீச்சர், நானும் கேக்கணும்னு இருந்தேன். காலையில சாம்பலுக்குள்ள என்ன தேடினீங்க? குந்தி இருந்து கரண்டியால கிண்டினீங்க. ஜன்னலால பாத்தேன்.”

“அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

“எனக்குக் காட்டாம ஏன் கிண்டினீங்க?”

“நீங்கள் நித்திரை எண்டு நினைச்சன்.”

“ஒன்பது சாக்குக் கராம்பு எரிஞ்சவ நித்திரையா?”

டீச்சர் கையை நீட்டினார். “அந்தப் போத்தலைத் தாங்கோ,” என்றார்.

“இது பொலிசுக்கு.”

“கொஞ்சம்தான் வேணும். மிச்சம் பொலிசுக்கு.”

ஒரு கோப்பைத் தட்டில் அரைக் கரண்டி அளவு ஊற்ற மஸூதா சம்மதித்தாள். ஊற்றும்போது போத்தலை விட்டுக் கையை எடுக்கவில்லை. டீச்சர் தீக்குச்சியைக் கொளுத்தித் தட்டின் மேல் பிடித்தார். கிட்டக் கொண்டுபோனார். கடைசியில் தண்ணீருக்குள்ளேயே போட்டார். சுர் என்று அணைந்தது.

“பாத்தீங்களா!” என்றாள் ஸரீனா.

“எண்ண மேல மெதக்கும்,” என்றாள் மஸூதா. “நான் அடியில அள்ளினேன்.”

“அப்ப எண்ணெய் எப்படி மணக்குது ஒங்களுக்கு? எண்ண இல்லாத தண்ணிய ஊரெல்லாம் மோக்க வெச்சீங்களா?”

“நீ வாயப் பொத்து.”

“பரலையே பாப்பம் அக்கா,” என்றார் டீச்சர்.

பரலின் அடியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தது. மேலே இரண்டு செத்த எறும்பும் ஒரு தேக்கிலைத் துண்டும் மிதந்தன. எண்ணெயின் நிறப்படலம் எதுவும் இல்லை. மஸூதா விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு அதைச் சேலையில் துடைத்தாள்.

“சரி,” என்றாள். “எண்ண இல்ல. ஆனா பின்பக்கப் பலகைய ஒடச்சிக்கிட்டு ஆள் உள்ள போயிருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க? வாங்க, காட்டுறேன்.”

கொட்டிலின் பின்பக்கம் எரியாமல் தப்பிய மூன்று பலகைகள் புல்லில் கிடந்தன. மஸூதா அவற்றை யாரையும் தொட விடாமல் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள்.

“இதுக்கு உள்பக்கம் என்ன வைச்சிருந்தனீங்கள்?” என்று கேட்டார் டீச்சர்.

“கல்லு.”

“என்ன கல்லு?”

“சுட்ட சுண்ணாம்புக் கல்லு. வேற என்ன? கராம்பு ஸ்டோர்ல எல்லாரும் வெக்கிறதுதானே. ஈரத்த உறிஞ்சும். மழைக் காலத்துல அது இல்லாட்டி கராம்பு பூஞ்சணம் பிடிக்கும். இருபது வருஷமா வெக்கிறேன், ஒரு நாள் எரிஞ்சதில்ல.”

“எவ்வளவு வைப்பீங்கள்?”

“ஒரு தட்டம். கடையில வாங்கி, தட்டத்துல போட்டு, சாக்கு அடுக்குற ராக்கைக்கு அடியில.”

“இந்த முறை?”

மஸூதா பதில் சொல்லுமுன் ஸரீனா முந்திக்கொண்டாள். “இந்த முறை எங்க வீட்டுக்காரரே கொண்டு வந்து தந்தாரு டீச்சர்! மதினி கேட்டது ஒரு சாக்கு. அவரு மூணு சாக்கு கொண்டு வந்தாரு. கடைக் கல்லு இல்ல, அன்னைக்கிக் காலையில சூளையால எடுத்த புதுக்கல்லு. ஒரு சதம் வாங்கல்ல. அவரே தோள்ல தூக்கி வந்து அடுக்கியும் வெச்சாரு. இப்படிப்பட்ட மனுசனுக்கு—”

“இந்தப் பலகையோட ஒட்டியோ அடுக்கினவர்?”

“ஒட்டித்தான். மத்தப் பக்கமெல்லாம் கராம்பு.”

டீச்சர் குனிந்து ஒரு பலகையைக் காட்டினார். “ஆணியைப் பாருங்கோ அக்கா. எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு?”

மஸூதா கயிற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். ஆணிகள் எல்லாம் வெளிப்பக்கம் இழுபட்டு வளைந்திருந்தன. பலகைகள் கிடந்ததும் கொட்டிலுக்கு வெளியேதான். வெளியிலிருந்து இடித்தவன் அவற்றை உள்ளே தள்ளியிருப்பான்.

“உள்ள இருந்து யாரோ தள்ளியிருக்கான்,” என்றாள் மஸூதா. அவளுக்கே அது சரியாகப் படவில்லை. கொட்டில் வெளியே பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில்.

“தள்ளினது ஆள் இல்லை. காலமை சாம்பலைக் கிண்டேக்க வெள்ளைச் சாந்துதான் வந்தது. அந்தக் கல்லில கொஞ்சமாவது மிச்சம் இருக்கோ? நனையாத கல்லு?”

“அலுமாரிக்கு அடியில ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வெச்சேன், உடுப்பு பூஞ்சணம் பிடிக்காம. ஏன்?”

“கொண்டு வாங்கோ.”

மஸூதா போனாள். டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள், யாரோ பறித்துவிடுவார்கள் என்பதுபோல. டீச்சர் முஷ்டி அளவு கல் ஒன்றைக் கரண்டியால் எடுத்து ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டார். பழைய பேப்பரில் ஒரு கீறு கிழித்துக் கல்லோடு சேர்த்துச் செருகினார். அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

“இவ்வளவுதானா?” என்றாள் மஸூதா.

“பொறுங்கோ.”

“த்ரீவீல் காத்திட்டு நிக்குது டீச்சர்.”

பேணிக்குள் டிக் என்று ஒரு சத்தம். கல்லில் கீறல் விழுந்தது. இன்னொரு டிக். பிறகு சீறத் தொடங்கியது. வெள்ளை ஆவி கிளம்பி மூன்று பேருடைய முகத்திலும் அடித்தது. கல் வெடித்துப் பிளந்து, மாவாகி, பொங்கி, பேணியின் விளிம்புக்கு ஏறியது. இடையில் செருகியிருந்த பேப்பர் மஞ்சளாகி, ஓரம் கருகிச் சுருண்டது. பேணியைப் பிடிக்கப் போன ஸரீனா “ஸ்ஸ்” என்று கையை உதறினாள்.

மஸூதா இரண்டு அடி பின்னால் போனாள்.

“இதேதான்,” என்றாள். “இதே வெள்ளப் புகை. இதே சீற்றம். கூரைக்கு அடியால வந்திச்சி. புகைன்னுதானே நான் தண்ணிக்குக் கத்தினேன்.”

“அது புகை இல்லை அக்கா, நீராவி. மழைத்தண்ணி ஒழுகிக் கல்லில பட்டிருக்கு. கல்லு தண்ணியைக் குடிச்சா ரெண்டு மடங்காய் வீங்கும். இடம் இல்லாட்டி பலகையைத் தள்ளும். அந்த நேரம் வரைக்கும் நெருப்பே இருந்திருக்காது. வெறும் சூடு. நீங்கள் வாளி வாளியாய் ஊத்தினதோடதான் சாக்குப் பத்தியிருக்கு. கராம்பில எண்ணெய் இருக்கு, கேக்கவா வேணும்.”

“தண்ணியில எப்படி டீச்சர் நெருப்பு இருக்கும்?”

“தண்ணியில இல்லை. ஒரு பேணிக் கல்லைச் சுட எவ்வளவு விறகு வேணும்? அந்த விறகின்ர சூட்டில ஒரு பங்கு, கல்லைப் பிரிச்சு அதில இருந்த வாயுவை வெளியேத்துறதுக்குப் போயிடும். தண்ணி வந்து சேரேக்க அதில கொஞ்சத்தைத் திருப்பித் தரும். கடைக் கல்லு காத்தில கிடந்து ஏற்கெனவே பாதி நீறி மாவாய்ப் போனது, அதில சூடு பெரிசா மிச்சம் இல்லை. இது புதுக்கல்லு. அதுவும் மூண்டு சாக்கு, ஒண்டுக்கு மேல ஒண்டு. நடுவில பிறந்த சூடு வெளியில போக வழி இல்லை.”

மஸூதா பேணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சீற்றம் அடங்கி, வெள்ளைச் சாந்து மெதுவாகக் குமிழி விட்டது.

“டீச்சருக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கே,” என்றாள் மெதுவாக. “நேத்து மத்தியானம் எங்க இருந்தீங்க?”

“பள்ளிக்கூடத்தில. நாப்பது பிள்ளையள் சாட்சி. அதிபரும் சாட்சி. காணுமோ?”

ஸரீனா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். மஸூதாவுக்கும் உதட்டோரம் அசைந்தது, ஆனால் சிரிக்கவில்லை. பேணியிலிருந்து கண்ணை எடுத்து, கேற்றுக்கு வெளியே நின்ற த்ரீவீலரைப் பார்த்தாள்.

“ஸரீனா.”

“என்ன மதினி?”

“போய் அந்த த்ரீவீல்காரர அனுப்பிடு.”

ஸரீனா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

கேற்றடியில் றம்ஸி நின்றான். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வராமல் எங்கேயோ சுற்றிவிட்டு இப்போதுதான் வருகிறான். தொப்பி தலையில் இருந்தது. வலது கையில் முழங்கை வரைக்கும் பண்டேஜ். ஸரீனா அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சொல்லியதில் பாதிதான் இங்கே கேட்டது. “கல்லு... தண்ணி... மதினி போகல்லயாம்... பேர் சொல்லல்லயாம்...”

றம்ஸி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். முற்றத்துக்கு வந்தான். பேணியைப் பார்த்ததும் அவன் தோள் இரண்டும் தாழ்ந்தன. ஒரு நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நின்ற எதையோ இறக்கி வைத்தவன் போல நீளமாக மூச்சு விட்டான்.

“அல்ஹம்துலில்லாஹ். டீச்சர், ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“நான் ஒண்டும் செய்யேல்லை. பேணிதான் சொன்னது.”

“இதத்தான் நானும்... ராத்திரி முழுக்க இதே யோசனைதான். இந்தக் கல்லு இருக்கே, லேசுப்பட்டதில்ல டீச்சர். நெருப்பக் குடிச்சிட்டு சும்மா படுத்திருக்கும். குளிர்ந்து போச்சின்னு நெனப்போம். ஒரு கை தண்ணி பட்டாப் போதும், குடிச்சதக் கக்கும்.”

“நல்லாச் சொல்லுறீங்கள்.”

“பதினெட்டு வருஷம் டீச்சர்!” றம்ஸியின் குரல் ஏறியது. பயம் போன மனிதனின் பேச்சு அது, நிறுத்தத் தெரியாமல் வந்தது. “ஒங்க பேணிக்கு அரக் கோப்பை ஊத்தினீங்க. நாங்க சூளையில முட்டையே அவிப்போம். ஒரு குழியில கல்லப் போட்டு, முட்டைய வெச்சி, கொஞ்சமாத் தண்ணி தெளிப்போம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெளிக்கணும். கொளம் மாதிரி ஒரேயடியா ஊத்தினா ஆறிடும், அவியாது. கொஞ்சமா விட்டாத்தான் சூடு ஏறும்.”

“கேட்டீங்களா மதினி?” என்றாள் ஸரீனா பெருமையோடு. “என்ட மாப்புளக்குத் தெரியாததா?”

“புதுசா வேலைக்கு வாறவனுக்கு நான் மொதல்ல சொல்லிக் குடுக்கிறதே அதுதான்,” என்றான் றம்ஸி. “சுட்ட கல்லு புகைஞ்சா வாளியத் தொடாதே. மண்ண அள்ளிப் போடு. இல்லாட்டி ஓடு. போன வருஷம்கூட ஒருத்தன் பயத்துல வாளியத் தூக்கினான். கையிலயே தட்டி விட்டேன். ஓங்கி ஒரு தட்டு, வாளி அந்தப் பக்கம் போய் விழுந்திச்சி!”

பண்டேஜ் போட்ட கையாலேயே அந்தத் தட்டலை அவன் செய்து காட்டினான். ஸரீனா சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் குனிந்து கரண்டியைப் புல்லில் துடைக்கத் தொடங்கினார்.

வெளியே த்ரீவீலர்காரர் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார்.

“நிக்கச் சொல்லு,” என்றாள் மஸூதா.

“என்ன மதினி?”

“போக வேணாம்னு சொல்லு. நிக்கட்டும்.”

ஸரீனாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அவள் அசையவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மஸூதா பரலின் பக்கத்துக்குப் போனாள். அங்கே நீல வாளி கவிழ்ந்து கிடந்தது, நேற்று அவள் கையிலிருந்து விழுந்த இடத்திலேயே. அதை எடுத்து நிமிர்த்தினாள். கைப்பிடியைத் துடைத்தாள். நேற்று அந்தக் கைப்பிடியில் முதலில் இருந்தது றம்ஸியின் கை. முதலாவது வாளிக்குச் சீறியது. இரண்டாவதுக்கு வெள்ளையாகப் பொங்கியது. மூன்றாவதுக்குத்தான் சிவப்பாக எழும்பியது. மூன்று தடவையும் அவள் திரும்பிக் கையை நீட்டியபோது வாளி நிரம்பித் தயாராக இருந்தது. “ஊத்துங்க மதினி, ஊத்துங்க” என்று ஒரு குரல் கேட்டதாகவும் ஞாபகம். அது யாருடைய குரல் என்றுதான் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ரோட்டில் நின்றவர்கள் எல்லோரும்தான் கத்தினார்கள்.

வாளியோடு அவள் றம்ஸியின் முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. காலையிலிருந்து அவள் பேசியதில் அதுதான் மிகத் தணிந்த குரல்.

“அந்த மூணு சாக்கையும் நீங்கதான் ஒங்க தோள்ல தூக்கி வந்து அடுக்கினீங்க. புகைஞ்சா என்ன செய்யக் கூடாதுன்னும் ஒங்களுக்குத் தெரியும். அதத் தெரிஞ்சிக்கிட்டுத்தானா தம்பி, என்ட கையில வாளி வாளியா எடுத்துத் தந்தீங்க?”